கணினியின் உரிமமும் சங்கத்தின் பொறுப்பும்

கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் இரும்புப் பெட்டிக்கு அடுத்தபடியாக மதிப்பு மிக்க பொருள் எது என்று கேட்டால், மேஜை மீதிருக்கும் கணினியே என்று இன்று தயங்காமல் கூறிவிடலாம். அங்கத்தினர்களின் பங்குத் தொகை, நூல் இருப்பு, நெய்து கொடுத்த துணிக்குச் சேர வேண்டிய கூலி, பயிர்க் கடன், நகைக் கடன், உர விற்பனை ஆகிய எல்லாக் கணக்குகளும் அதனுள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றன. நாடெங்கிலுமுள்ள ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் பொருட்டு, 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி அனுமதி அளித்தது. பேரேடு புரட்டிய கைகள் விசைப்பலகையைத் தட்டும் காலம் வந்துவிட்டது. இம்மாறுதலை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் தெரியும். இரண்டு சாவிகள் இருவர் கையில் இருக்க வேண்டும் என்ற நியதி நமக்குப் புதியதன்று. கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் ஒரு சாவி உண்டே, அது யாரிடம் இருக்கிறது? “கணினியை விற்ற கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்” என்று விடை வருமாயின், இக்கட்டுரை அச்சங்கத்திற்காகவே எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

இக்கேள்வியை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதனால் அந்தக் கணினிகள் ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆயினும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அவற்றில் அடைபடா. அங்கத்தினர்களின் பணக் கணக்கு உள்ள கணினியை அந்நிலையில் விட்டுவைப்பது, கூரை ஒழுகும் கிடங்கில் நூல் கட்டுகளை அடுக்குவதற்கு ஒப்பாகும். எனவே பல சங்கங்கள் புதிய இயங்குதளத்திற்கு மாற வேண்டியவையாக இருக்கின்றன. மாறும் வேளையில்தான் உரிமச் சிக்கல் தலைதூக்குகிறது.

வாங்கியது பொருளா, உரிமையா?

கடையில் ஒரு வேட்டி வாங்குகிறோம். அது நம்முடையது. உடுத்தலாம்; பிறருக்குக் கொடுக்கலாம்; கிழித்துத் துண்டாகவும் உபயோகிக்கலாம். நெய்தவர் வந்து கேள்வி கேட்க முடியாது. கணினி இயங்குதளம் அப்படிப்பட்டதன்று. அதற்கு நாம் கொடுக்கும் பணம் கிரயப் பணம் அல்ல. நிபந்தனைகளோடு கூடிய அனுபோக உரிமைக்குக் கொடுக்கும் கட்டணமே அது. நிலத்தைக் கிரயம் பெறுவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்த உழவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. குத்தகைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் ஒருவர் நிலத்தில் கிணறு வெட்ட மாட்டார். மென்பொருள் விஷயத்தில் மட்டும் சீட்டைப் பாராமலே நாம் பணத்தைக் கொட்டிவிடுகிறோம்.

இவ்வுரிமை மூன்று வகைப்படும். முதலாவது, கணினியோடு சேர்ந்தே வருவது. தயாரிப்பாளர் தம் கணினியில் இயங்குதளத்தை அமைத்து விற்கிறார். இந்த உரிமை அந்தக் கணினியோடு பிறந்து அதனோடு மறைவது. வேறொரு கணினிக்கு மாற்ற இயலாது. இரண்டாவது, தனியே கடையில் விற்கப்படுவது. இதன் விலை அதிகம். ஆனால் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு, புதிய கணினிக்குக் கொண்டுசெல்லலாம். மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் பல கணினிகளுக்கெனத் தொகுதியாகப் பெறுவது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. தொகுதி முறையில் வழங்கப்படும் விண்டோஸ் உரிமம் மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. அடிப்படையாக ஒவ்வொரு கணினிக்கும் முறையான முதல் உரிமம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். அடித்தளம் இல்லாத மாடி எப்படியோ, அப்படியே முதல் உரிமம் இல்லாத தொகுதி உரிமமும்.

நம் சங்கத்தில் உள்ளது இம்மூன்றில் எது என்பதை அறியாத வரையில், புதுப்பிப்பதைப் பற்றிப் பேசுவதே வீண்.

பூட்டு வந்த கதை

முன்னாளில் இத்தனை கட்டுப்பாடு இல்லை. இருபத்தைந்து எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சாவியைத் தட்டினால் போதும், இயங்குதளம் ஏறிவிடும். ஒரே சாவியைப் பத்துக் கணினிகளில் தட்டினாலும் கேட்பாரில்லை. 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் அந்த நிலை மாறியது. சாவியைத் தட்டிய பிறகும், 30 நாட்களுக்குள் கம்பெனியோடு தொடர்பு கொண்டு அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதில் புகுத்தப்பட்டது. இதற்கே ஆக்டிவேஷன் என்று பெயர். கணினியின் உள்ளுறுப்புகளில் பத்து வகையானவற்றைக் கணக்கில் கொண்டு, அக்கணினிக்கே உரிய அடையாளம் ஒன்று வகுக்கப்பட்டது. சாவியும் அந்த அடையாளமும் கம்பெனியின் ஏட்டில் ஒன்றாகப் பதிவாயின. இணைய வசதி இல்லாதவர்கள் தொலைபேசியில் 50 இலக்கங்களைப் படித்துக் காட்டி, மறுமுனையில் சொல்லும் 42 இலக்கங்களைப் பிழையின்றிக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓர் இலக்கம் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தொகுதியாக வாங்கிய நிறுவனங்களுக்கு எக்ஸ்.பி.யில் இந்தத் தொல்லை இல்லை. அச்சலுகையே வினையாயிற்று. அத்தகைய சாவியொன்று வெளியே கசிந்து உலகமெங்கும் பரவியது. ஆகவே அடுத்து வந்த விஸ்டா முதல் நிறுவனங்களுக்கும் பூட்டுப் போடப்பட்டது. இத்தனை முறைக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்ட சாவி ஒரு வகை. அலுவலகத்திற்குள்ளேயே அனுமதி வழங்கும் நிலையமாக ஒரு கணினியை அமைத்துக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் குறைந்தது 25 கணினிகள் இருந்தாலன்றி நிலையம் மேஜைக் கணினிகளுக்கு அனுமதி வழங்காது. பெற்ற அனுமதியும் 180 நாட்களுக்கே செல்லும். அதற்குள் மீண்டும் நிலையத்தோடு தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு கணினிகள் வைத்திருக்கும் நம் போன்ற சங்கங்களுக்கு இம்முறை பொருந்தாது என்பது வெளிப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னர் பயன்படும்.

2012-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 முதல் வேறொரு மாறுதல் ஏற்பட்டது. தயாரிப்பாளர் அமைத்துக் கொடுக்கும் கணினிகளில், சாவி தாய்ப்பலகையில் உள்ள நிலையான நினைவகத்திலேயே பதிக்கப்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்துபோகும் கவலை இதனால் ஒழிந்தது. ஆனால் தாய்ப்பலகை எரிந்துபோனால் சாவியும் அதனோடு போயிற்று.

பழைய சாவி புதிய வீட்டைத் திறக்குமா?

விண்டோஸ் 10 வந்தபோது, முறையான விண்டோஸ் 7, 8.1 உரிமம் உள்ளவர்கள் ஓராண்டுக்குள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்புக்கு இச்சலுகை இல்லை. மாறிக்கொண்ட கணினிகளுக்குப் புதிய சாவி எதுவும் வழங்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, “இந்த அடையாளமுள்ள கணினிக்கு உரிமம் உண்டு” என்று கம்பெனியின் ஏட்டில் ஒரு பதிவு மட்டும் ஏற்பட்டது. இதனை டிஜிட்டல் உரிமம் என்பர். கையில் சீட்டு இல்லை. பெட்டியில் சாவி இல்லை. ஏட்டில் மட்டும் பெயர் உண்டு. பட்டா நகல் நம்மிடம் இல்லாமல் தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டை மட்டும் நம்பியிருப்பது போன்றது இது.

இதனால் விளையக்கூடிய சிக்கலை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குவோம். நெசவாளர் சங்கம் ஒன்று விண்டோஸ் 7 அமைந்த கணினியை வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டின் முற்பகுதியில், இலவசச் சலுகையைக் கொண்டு விண்டோஸ் 10-க்கு அது மாறியது. எட்டு ஆண்டுகள் குறையின்றி ஓடிற்று. 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இடி விழுந்து தாய்ப்பலகை கருகியது. பழுது பார்ப்பவர் வேறு தாய்ப்பலகை பொருத்தித் தருகிறார். கணக்குகள் இருந்த வட்டு தப்பிவிட்டது. எல்லாரும் மகிழ்ச்சியோடு கணினியை இயக்கினால், விண்டோஸுக்கு அனுமதி இல்லை என்ற வாசகம் திரையின் மூலையில் தோன்றுகிறது. காரணம் என்ன? தாய்ப்பலகை மாறியதால் கணினியின் அடையாளம் மாறிவிட்டது. ஏட்டில் உள்ள பெயர் வேறு, இப்பொழுது வந்து நிற்கும் ஆள் வேறு. சரி, விண்டோஸ் 7-இன் பழைய சாவியைத் தட்டிப் பார்ப்போம் என்றால், அந்த வழியும் மூடப்பட்டுவிட்டது. இலவசச் சலுகை 2016 ஜூலையோடு முடிந்த பின்னரும் பழைய சாவிகள் புதிய பதிப்பைத் திறந்துவந்தது உண்மை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் கம்பெனி அவ்வழியை அடைத்துவிட்டதாக அறிவித்தது.

இந்தச் சங்கத்தார் எந்தத் தவறும் செய்தவர்கள் அல்லர். உரிய பணம் கொடுத்தார்கள், முறையாக மாறினார்கள். முன்கூட்டியே ஒன்றைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவே. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பதிப்பிலிருந்து, டிஜிட்டல் உரிமத்தை ஒரு மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி ஏற்பட்டது. உறுப்பை மாற்றிய பிறகு அக்கணக்கின் மூலம் “இது என் பழைய கணினிதான்” என்று சொல்லி, உரிமத்தை மீட்க அது வழி செய்கிறது. உரிம நிபந்தனை இடம் கொடுக்கும் அளவிலேயே அது பலிக்கும் என்றாலும், இணைத்து வைத்தவருக்கு ஒரு வாயிலாவது திறந்திருக்கும்.

மற்றொரு சிக்கல் பதிப்பு வேற்றுமையால் வருவது. விண்டோஸில் ஹோம், ப்ரோ எனப் பதிப்புகள் உண்டு. நம் நாட்டில் விற்கப்படும் குறைந்த விலைக் கணினிகள் பலவற்றில், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்னும் தனிப் பதிப்பு அமைந்து வருகிறது. பழுது பார்க்க வந்தவர் தம் கையில் உள்ள ப்ரோ பதிப்பை அதன்மேல் ஏற்றிவிட்டால், தாய்ப்பலகையில் உள்ள சாவி அதற்குப் பொருந்தாது. அறுபதாம் நம்பர் நூலுக்கு அமைத்த அச்சில் இருபதாம் நம்பர் நூலைத் திணித்தால் இழை அறுவதில் வியப்பென்ன? முன்பிருந்த பதிப்பையே மீண்டும் ஏற்றினால் சாவி தானாகவே பொருந்திவிடும். இதை அறியாமல் புதிய உரிமம் வாங்குவது வீண் செலவு.

ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தின் மீதே புதியதை ஏற்றுவது ஒரு முறை. வட்டை முழுதும் துடைத்துவிட்டு முதலிலிருந்து அமைப்பது மற்றொரு முறை. நெசவாளர் இதனை எளிதில் அறிவர். பழைய பாவின் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைத்துவிட்டால், விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோக்க வேண்டியதில்லை. துடைத்துவிட்டு அமைப்பது எல்லா இழைகளையும் அறுத்துவிட்டுப் புதிதாகக் கோப்பது போன்றது. முறையான விண்டோஸ் 10 உள்ள கணினி தகுதியுடையதாயின், அதன்மீதே விண்டோஸ் 11-ஐ இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். அதே பதிப்பின் உரிமமும் உடன் வரும். ஆகவே பிணைப்பதற்கு இடமிருக்கும்போது அறுக்காமலிருப்பதே அறிவுடைமை.

தகுதி என்பதும் சிந்திக்கத்தக்கது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் வசதியும், 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், கம்பெனியின் பட்டியலில் இடம்பெற்ற செயலியும் வேண்டும். இன்டெல் செயலிகளில், சில விலக்குகள் நீங்கலாக, 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை முதற்கொண்டே இப்பட்டியல் தொடங்குகிறது. தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியால் ஏற்றித் தருவதாகச் சிலர் கூறுவர். ஏறும் என்பது மெய்யே. ஆனால் அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று கம்பெனி உறுதி கூறவில்லை. எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காவிட்டால் மாறி என்ன பயன்?

பூட்டியவரே தவறினால்

அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்தவுடன் குற்றம் நம்முடையதே என்று அஞ்சிவிட வேண்டாம். அனுமதி வழங்குபவரும் தவறியது உண்டு. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி, சோதனை நிலையில் இருந்த நிரல் தவறுதலாக மைக்ரோசாப்ட் கம்பெனியின் சர்வர்களில் ஏற்றப்பட்டது. உண்மையான உரிமம் உள்ள விஸ்டா, எக்ஸ்.பி. கணினிகள் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. ஏறத்தாழ 19 மணி நேரம் இந்நிலை நீடித்தது. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்று கம்பெனி கூறியது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, விண்டோஸ் 10 ப்ரோ உரிமம் பெற்ற பலருக்கு, உங்களிடம் இருப்பது ஹோம் உரிமமே என்ற செய்தி வந்தது. அதுவும் கம்பெனியின் பக்கம் நேர்ந்த கோளாறே, விரைவில் திருத்தப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி, நிறுவனங்களில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் பல திடீரென அசலன்று என்று அறிவிக்கப்பட்டன. சர்வரில் செய்த மாறுதலை மறுநாளே கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். அறிவிப்பைக் கண்டவுடன் பதறிப் புதிய சாவி வாங்க ஓடலாகாது. இன்றைய விண்டோஸில் அனுமதி இல்லாவிட்டாலும் கணினி நின்றுவிடுவதில்லை. திரையில் ஒரு வாசகம் நிற்கும். தோற்றத்தை மாற்றும் சில வசதிகள் தடைபடும். கணக்கு எழுதும் வேலை நடக்கும். ஓரிரு நாள் பொறுத்து, காரணத்தை ஆராய அவகாசம் உண்டு. அப்படி ஆராயும்போது கையில் ரசீது இருக்கிறதா என்பதே நம்முடைய வலிமை.

சுண்டைக்காய் கால் பணம்

“ஆயிரக்கணக்கில் ஏன் செலவிடுகிறீர்கள்? சில நூறு ரூபாய்க்குச் சாவி தருகிறேன்” என்று சொல்பவர்கள் உண்டு. இணையக் கடைகளிலும் இத்தகைய சாவிகள் மலிந்து கிடக்கின்றன. இவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்திற்குத் தொகுதியாக வழங்கப்பட்டவை. தட்டினால் அன்று திறக்கும். பின்னர் கம்பெனி அச்சாவியைத் தடை செய்யுமானால் பணமும் போய், உரிமமும் இல்லை. முன்னரே கூறியபடி, முதல் உரிமம் இல்லாதவருக்குத் தொகுதிச் சாவியால் உரிமை எதுவும் பிறப்பதில்லை. சாவி திறந்தது என்பதால் வீடு நம்முடையதாகிவிடுமா?

இதனினும் தீயது, சாவியே வேண்டாம் என்று கூறி ஒரு சிறு நிரலை ஓட்டிவிடுவது. முன்பு 180 நாள் அனுமதி வழங்கும் நிலையம் என்று ஒன்றைக் குறிப்பிட்டோம் அன்றோ? அத்தகைய நிலையம் அருகில் இருப்பதுபோல் நடித்துக் கணினியை ஏமாற்றுவதே இந்நிரல்களில் பலவற்றின் வேலை. நான்கு கணினிகள் உள்ள சங்கத்தில் 180 நாள் அனுமதி காணப்படுமாயின், அது எங்கிருந்து வந்தது என்று நிர்வாகக் குழு கேட்கவே வேண்டும். இத்தகைய நிரல்களை ஓட்டுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்திவைக்கும்படி சொல்வார்கள். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது அல்லவா இது? அதனோடு சேர்ந்து உள்ளே நுழைவது எதுவென்று யார் அறிவார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலியாகக் கொடுப்பது அங்கத்தினர்களின் கணக்கு முழுவதையும்.

சட்டமும் இதனை வாளா விடவில்லை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, உரிமம் மீறிய கணினி நிரல் என்று தெரிந்தே அதனைப் பயன்படுத்துபவருக்கு, 7 நாட்களுக்குக் குறையாமல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வியாபார லாபத்திற்காக அன்று என்று மெய்ப்பித்தால், சிறைத் தண்டனை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. சில நூறு ரூபாய் மிச்சத்திற்காகச் சங்கத்தின் காரியதரிசி இந்த ஆபத்தைத் தலையில் சுமக்க வேண்டுமா என்பதை அங்கத்தினர்களே தீர்மானிக்கட்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு கணினியிலும் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, ஆக்டிவேஷன் என்ற தலைப்பின்கீழ் உள்ளதைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பதிப்பு, அனுமதி உண்டா இல்லையா, டிஜிட்டல் உரிமமா சாவியா என்ற விவரங்கள் அங்கே உள்ளன. இதற்கு ஐந்து நிமிடம் போதும். புதுப்பித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. புதுப்பிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, தளவாடச் சாமான் பதிவேட்டில் கணினிக்கு எதிரே உரிமத்தின் வகையையும், வாங்கிய தேதியையும், பில் எண்ணையும் எழுத வேண்டும். பில்லில் “கணினி ஒன்று” என்று மட்டும் இருந்தால் போதாது. இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் தனியே குறிக்கப்பட வேண்டும் என்று கடைக்காரரிடம் வற்புறுத்தலாம். தணிக்கையாளர் கேட்கும்போது காட்டுவதற்கும் இதுவே சான்று.

மூன்றாவதாக, உரிமத்தை இணைக்கும் மைக்ரோசாப்ட் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். எழுத்தரின் சொந்த மின்னஞ்சலில் அதனை அமைப்பது எளிது. அந்த நேரத்துக்குச் சௌகரியம். அவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ சென்றுவிட்டால், உரிமமும் அவரோடு சென்றதுபோல் ஆகும். கணக்கின் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியிலேயே வைக்கலாம். கணக்கை மீட்பதற்குரிய தொலைபேசி எண்ணும் சங்கத்தினுடையதாகவே இருக்கட்டும்.

நான்காவதாக, வட்டு மறையாக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடன் வட்டில் உள்ளவை தாமாகவே பூட்டப்படுகின்றன. திருடரிடமிருந்து அது காக்கும். ஆனால் தாய்ப்பலகையை மாற்றினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு யாருடையதென்று தெரியாவிட்டால், உள்ளே உள்ள ஏடுகள் திரும்பி வரா. உரிமம் போனால் பணம் கொடுத்து வாங்கலாம். கணக்குகள் போனால் எங்கே வாங்குவது? ஆகையால் அந்த 48 இலக்கங்களையும் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைப்பது அவசியம். புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே எல்லாக் கணக்குகளுக்கும் தனி வட்டில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாவதாக, வேலையின் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூலிப் பட்டுவாடாவுக்கு முதல் நாளும், பயிர்க் கடன் வழங்கும் பருவமும், மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பும் இதற்கு ஏற்றவை அல்ல. ஒரு கணினியை முதலில் மாற்றி, கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறியும் கைரேகைக் கருவியும் ஒத்துழைக்கின்றனவா என்று சில நாள் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடலாம்.

மாறுவதற்கு வேறு வழி உண்டா?

தகுதியற்ற பழைய கணினியை என்ன செய்வது என்ற வினா எஞ்சுகிறது. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனங்கள் பணம் கொடுத்து மேலும் பெறலாம். இதன் கட்டணம் ஒரு கணினிக்கு முதலாண்டில் 61 டாலர், ஆண்டுதோறும் இருமடங்காகும், மூன்றாண்டு வரையிலேதான் கிடைக்கும். இது தற்காலிக முட்டுக்கொடுப்பே தவிர நிலையான தூண் அன்று.

மற்றொரு வழி, உரிமப் பூட்டே இல்லாத இயங்குதளத்திற்குச் செல்வது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு தொடங்கி வைத்த லினக்ஸ், இன்று பல்லாயிரவர் சேர்ந்து உழைத்து வளர்த்த பொதுச் சொத்து. அதன் அடிப்படையில் நம் நாட்டு சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் பல்லாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. எத்தனை கணினிகளிலும் ஏற்றலாம். எந்த உறுப்பையும் மாற்றலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலர் கூடி உழைத்துப் பலரும் பயன் துய்ப்பது என்னும் கொள்கை கூட்டுறவாளர்களுக்கு அன்னியமானதன்று. எனினும் உணர்ச்சி வசப்பட்டு முடிவு செய்வது தகாது. சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடக்கூடியதாயின், இம்மாற்றம் வேலையையே நிறுத்திவிடும். கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினியை முதலில் மாற்றிப் பழகுவது உசிதம்.

முடிவாக ஒன்று கூற விரும்புகிறோம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தின் குற்றத்தால் வருபவை அல்ல. நாம் எழுதி வைக்காததால் வருபவை. ஒரு சிட்டம் நூல் வந்தாலும் வரவு வைக்காமல் உள்ளே விடாத சங்கம், பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள உரிமத்தை எங்கும் பதியாமல் விட்டுவிடுகிறது. பேரேட்டின் ஒழுங்கே நம் சங்கங்களை இத்தனை ஆண்டுகளாகக் காத்துவந்தது. கணினி வந்தபோது பேரேட்டை மூடினோம். அதன் ஒழுங்கை மூடிவிடலாகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், “கணினி உரிமங்களைச் சரிபார்த்தல்” என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். “நம் கணினியின் சாவி யாரிடம் இருக்கிறது?” என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கும் உரிமை, ஒரு பங்கு வைத்திருக்கும் அங்கத்தினருக்கும் உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.